ஜப்பானியமும் சீனமும் கேட்கப் பழகிய கம்ப்யூட்டர்

உங்கள் வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதா? வாழ்த்துகள்! அதில் விண்டோஸ் 11 இருந்தால், கீபோர்டில் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு எச் என்ற எழுத்தைத் தட்டிப் பாருங்கள். மைக் படத்துடன் ஒரு சிறிய பெட்டி திரையில் எட்டிப் பார்க்கும். நீங்கள் பேசப் பேச அது டைப் செய்யும். "அட, இவ்வளவுதானா?" என்று தோன்றும். இந்த "இவ்வளவுதான்" நம் மேஜைக்கு வந்து சேர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. பல நாடுகள் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. அதில் ஜப்பானிய மொழிக்கும் சீன மொழிக்கும் நடந்த கூட்டு முயற்சி சுவாரசியமான கதை. அதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

எனக்கு இந்தக் கதையில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் ஒரு பழைய கம்ப்யூட்டர். 2008இல் நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அப்பா செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கி வந்தார். அதில் 2001இல் வெளியான மைக்ரோசாப்ட் ஆபீஸ் எக்ஸ்பி இருந்தது. அதில் பேசினால் டைப் செய்யும் வசதி உண்டு என்று அக்கா கண்டுபிடித்துச் சொன்னாள். உடனே உதவிப் பக்கத்தைத் திறந்து படித்தோம். அந்த வசதி மூன்று மொழிகளுக்கு மட்டும் என்று போட்டிருந்தது: அமெரிக்க ஆங்கிலம், எளிய வடிவச் சீனம், ஜப்பானியம்.

"ஏம்ப்பா, ஆங்கிலம் சரி. சீனமும் ஜப்பானும் எப்படி வந்துச்சு? பிரெஞ்சு, ஜெர்மன்கூட இல்லையே?" என்று கேட்டேன்.

"அவங்க ஊர்ல கம்ப்யூட்டர் ஜாஸ்திடா" என்றார் அப்பா.

பதில் பாதி சரிதான். மீதிப் பாதி இன்ஜினீயரிங் முடித்து வேலைக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதுவும் ஜப்பானில் ஒரு மருந்துக்கடையில், காய்ச்சலோடு நின்றபோது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

கம்ப்யூட்டர் எப்படிக் கேட்கிறது?

நாம் மைக்கில் பேசும்போது காற்றில் எழும் அதிர்வு மின்சார அலையாக மாறுகிறது. சவுண்ட் கார்டு அதை எண்களாக மாற்றுகிறது. சாப்ட்வேர் இந்த எண்களை மிகச் சிறிய துண்டுகளாக நறுக்குகிறது. பொதுவாக ஒரு வினாடிக்கு நூறு துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் எந்த ஒலி இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடுகிறது.

இது மட்டும் போதாது. "இட்லிக்குச் சட்..." என்று யாராவது இழுத்தால், "சட்னி" என்று நாம் முடித்துவிடுவோம், "சட்டை" என்று முடிக்க மாட்டோம். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற பழக்கம் நம் மனதில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கும் இந்தப் பழக்கத்தை ஊட்ட வேண்டும். அதற்கு லட்சக்கணக்கான வாக்கியங்களை அதற்குக் கொடுக்க வேண்டும்.

ஆக, கம்ப்யூட்டருக்கு இரண்டு தீனி தேவை. ஒன்று, பலர் பேசிய ஒலிப்பதிவுகள். அவற்றில் என்ன பேசப்பட்டது என்று கேட்டு எழுதியும் வைத்திருக்க வேண்டும். இரண்டு, அந்த மொழியின் வாக்கியங்கள். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இவைதான் திரும்பத் திரும்ப வரப்போகின்றன.

சீனத்தில் என்ன சிக்கல்?

சீன மாண்டரினில் ஒரே அசையை நான்கு விதமான சுருதியில் சொல்லலாம். "மா" என்பதைச் சமமாக உயரத்தில் நிறுத்திச் சொன்னால் அம்மா. கேள்வி கேட்பதுபோல மேலே ஏற்றினால் சணல். தாழ்த்தி எழுப்பினால் குதிரை. சட்டென்று கீழே இறக்கினால் திட்டுதல்! "மாய்" என்ற அசை இன்னும் வேடிக்கை. ஒரு சுருதியில் "வாங்கு", இன்னொன்றில் "வில்". கடைவீதியில் இது மாறிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆங்கிலத்துக்காக எழுதிய சாப்ட்வேர் இந்தச் சுருதியைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆங்கிலத்தில் குரலை ஏற்றினாலும் இறக்கினாலும் சொல்லின் பொருள் மாறாது. எனவே சீனத்துக்காகக் குரல்நாணின் அதிர்வு வேகத்தையும் அளந்து கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.

ஜப்பானியத்தில் என்ன சிக்கல்?

ஜப்பானிய மொழியில் ஒலிகள் குறைவு. ஆகவே கேட்பது எளிது என்று நினைப்போம். ஆனால் ஒலிகள் குறைவாக இருப்பதால் ஒரே ஒலி பல சொற்களுக்குப் பொதுவாகிவிடுகிறது. "கிஷா" என்றால் பத்திரிகை நிருபர். நீராவி ரயிலும் "கிஷா"தான். "உங்கள் நிறுவனம்" என்பதும் அதே. அலுவலகத்துக்குத் திரும்பி வருவதும் அதே. எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் எழுத்து வேறு. பேசும்போது இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள முடியும்.

இன்னொன்று நமக்குப் பழக்கமானது. தமிழில் "படு" வேறு, "பாடு" வேறு. ஜப்பானியத்திலும் குறில் நெடில் வித்தியாசம் உண்டு. "ஒபசான்" என்றால் அத்தை அல்லது சித்தி. "ஒபா"வில் "பா"வை நீட்டினால் பாட்டி! நடுத்தர வயதுப் பெண்ணைப் பார்த்து நீட்டிவிட்டால் நம் பாடு திண்டாட்டம்தான்.

தவிர, ஜப்பானியத்திலும் சீனத்திலும் எழுதும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதையே முதலில் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இப்போது ஆபீஸ் எக்ஸ்பி விஷயத்துக்கு வருவோம். இந்த இரண்டு மொழிகளிலும் ஆயிரக்கணக்கான எழுத்துகள். கீபோர்டில் ஒலியை ஆங்கில எழுத்தால் தட்டி, திரையில் வரும் பட்டியலில் இருந்து சரியான எழுத்தைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அப்படி டைப் செய்பவருக்குப் பேசி எழுதும் வசதி எவ்வளவு பெரிய உதவி! தேவை அங்கே அதிகம். ஆனால் தேவை மட்டும் இருந்தால் தீனி வந்துவிடுமா? அதைத் திரட்ட ஆட்கள் வேண்டாமா? திரட்டியவர்களைப் பார்ப்போம்.

ஜப்பானுக்கு வந்த விருந்தாளி

1986இல் ஜப்பானில் ஏ.டி.ஆர். என்ற ஆராய்ச்சி நிறுவனம் துவங்கியது. அதன் லட்சியங்களில் ஒன்று மொழிபெயர்க்கும் தொலைபேசி. இந்த முனையில் ஒருவர் ஜப்பானியத்தில் பேசுவார், அந்த முனையில் இருப்பவருக்கு ஆங்கிலத்தில் கேட்கும். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லாத காலத்தில் இப்படி ஒரு கனவு!

இந்த நிறுவனம் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கும் கதவைத் திறந்து வைத்தது. 1987இல் அங்கே வேலை செய்தவர் அலெக்ஸ் வைபெல். ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். ஜப்பானில் உட்கார்ந்து, ஜப்பானியக் குரல்களை வைத்து, மூளை நரம்புகளின் அமைப்பைப் பார்த்துச் செய்த ஒரு புதிய கணக்கு முறையைச் சோதித்தார். அவருடன் உழைத்தவர்களில் ஜப்பானியர்களும் உண்டு, கனடாவிலிருந்த ஜெஃப்ரி ஹின்டனும் உண்டு. ஆமாம், 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற அதே ஹின்டன்தான்.

அவர்கள் எடுத்துக்கொண்ட சோதனை சின்னது. "தம்பி"யில் வரும் "பி", "பந்து"வில் வரும் "து", "தங்கம்" என்பதில் வரும் "க". இந்த மூன்று மெல்லோசைகளைப் போன்ற ஜப்பானிய ஒலிகளைக் கம்ப்யூட்டர் பிரித்துச் சொல்ல வேண்டும். அன்றைய வழக்கமான முறை 93.7 சதவீதம் சரியாகச் சொன்னது. புதிய முறை 98.5 சதவீதம் சரியாகச் சொன்னது. 1989இல் வெளியான இந்தக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. இன்று உங்கள் போனில் குரலைப் புரிந்துகொள்ளும் முறைகளுக்கு இதுவும் ஒரு முன்னோடி.

மூன்று நாடுகள், ஒரு போன்

1991இல் சி-ஸ்டார் என்ற கூட்டமைப்பு உருவானது. பேச்சு மொழிபெயர்ப்புக்கான உலகக் கூட்டணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் ஏ.டி.ஆர்., அமெரிக்காவின் கார்னகி மெலன், ஜெர்மனியின் கார்ல்ஸ்ருஹே பல்கலைக்கழகம் ஆகியவை இதன் துவக்கத் தூண்கள்.

1993 ஜனவரியில் இவர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு மாநாட்டுக்குப் பெயர் பதிவு செய்வது பற்றிய உரையாடல். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்தவர்கள் அவரவர் மொழியில் பேசினார்கள். ஒவ்வொரு ஊரிலும் இருந்த கம்ப்யூட்டர் அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டு, மொழிபெயர்த்து, எதிர்முனைக்கு அனுப்பியது. பேச வேண்டிய பொருள் ஒன்றுதான், சொற்களும் குறைவு. பேசுகிறவர் ஜாக்கிரதையாக, தெளிவாகப் பேச வேண்டும். ஆனாலும் மூன்று கண்டங்களுக்கு நடுவே இது நடந்தது பெரிய விஷயம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் இருந்தவர்கள் ஜப்பானியப் பேச்சைக் கேட்கும் சாப்ட்வேரைச் செய்ய முயலவில்லை. ஜப்பானியத்தை ஜப்பான் பார்த்துக்கொண்டது. ஜெர்மனை ஜெர்மனி பார்த்துக்கொண்டது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று சொல்வோமே, அதுபோல. வடத்தில் அவரவர் இடத்தை அவரவர் பிடித்துக்கொண்டார்கள்.

30 பாதைக்குப் பதில் 12

அடுத்து தென் கொரியா, இத்தாலி, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் ஆராய்ச்சிக்கூடங்களும் சேர்ந்தன. மொத்தம் ஆறு மொழிகள். இப்போது ஒரு கணக்கு. ஒவ்வொரு மொழியிலிருந்தும் மற்ற ஐந்து மொழிகளுக்கு மொழிபெயர்க்க வேண்டும் என்றால், ஆறு ஐந்து முப்பது. முப்பது சாப்ட்வேர் செய்ய வேண்டும்!

இதற்குப் பல குழுக்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. நடுவில் ஒரு பொதுக் குறிப்பை வைத்துக்கொண்டன. "இரண்டு பேர் தங்க ஒரு ரூம் வேண்டும்" என்று எந்த மொழியில் சொன்னாலும், அதன் சாரத்தை "கேட்பது: ரூம் பதிவு, ஆட்கள்: இரண்டு" என்பதுபோல ஒரே வடிவத்தில் எழுதிக்கொள்வது. ஒவ்வொரு மொழிக்காரரும் தம் மொழியிலிருந்து இந்தக் குறிப்புக்கும், குறிப்பிலிருந்து தம் மொழிக்கும் இரண்டே சாப்ட்வேர் செய்தால் போதும். ஆறு இரண்டு பன்னிரண்டு. முப்பது எங்கே, பன்னிரண்டு எங்கே!

1999 ஜூலையில் ஆறு மொழிகளிலும் பயணத் திட்டமிடும் உரையாடலைப் பொதுமக்கள் முன் செய்து காட்டினார்கள். இதற்கு அடுத்த கட்டத்தில் சீனாவும் சேர்ந்தது. பீஜிங்கில் உள்ள சீன அறிவியல் கழகத்தின் தானியங்கி ஆராய்ச்சி நிலையம் உறுப்பினரானது. ஜப்பானும் சீனாவும் இப்போது ஒரே மேஜையில்.

வெறும் சுற்றுலா வாக்கியங்களா?

சாப்ட்வேர் என்றதும் கணக்கும் புரோகிராமும்தான் முக்கியம் என்று நினைப்போம். இவர்கள் செய்ததில் எனக்கு அதிகம் பிடித்தது ஒரு வாக்கியத் தொகுப்பு. ஏ.டி.ஆர். துவக்கிய அந்தத் தொகுப்பின் பெயர் பி-டெக். வெளியூர் போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் சிறு மொழி வழிகாட்டிப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். "ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?", "இது எவ்வளவு?", "எனக்கு வயிறு வலிக்கிறது" போன்ற வாக்கியங்கள் அதில் இருக்கும். அப்படிப்பட்ட வாக்கியங்களை ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் சேர்த்தார்கள். மற்ற நாட்டுக் கூட்டாளிகள் அதே வாக்கியங்களைத் தங்கள் மொழியில் எழுதிச் சேர்த்தார்கள். சீனம், கொரியம், இத்தாலியம் எல்லாம் வந்தன. ஒரே வாக்கியம், எத்தனையோ மொழிகளில், வரிசை மாறாமல்!

2004இல் கியோட்டோவில் ஒரு சர்வதேசப் பயிலரங்கு நடந்தது. அங்கே இந்தத் தொகுப்பிலிருந்து எடுத்த 20,000 வாக்கிய ஜோடிகளைக் கொடுத்து, "சீனத்திலிருந்து ஆங்கிலம், ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலம், யார் நன்றாக மொழிபெயர்க்கிறீர்கள் பார்ப்போம்" என்று போட்டி வைத்தார்கள். தேர்வுக்கு 500 வாக்கியங்கள். எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே கேள்வித்தாள்.

விடைத்தாள் திருத்துவதில் ஒரு சிக்கல் வந்தது. மொழிபெயர்ப்புக்குச் சரியான விடை ஒன்றுதான் என்று சொல்ல முடியாதே! "இது எவ்வளவு?" என்றும் கேட்கலாம், "இதன் விலை என்ன?" என்றும் கேட்கலாம். எனவே ஒவ்வொரு கேள்விக்கும் மனிதர்கள் எழுதிய 16 விடைகளை வைத்துக்கொண்டு ஒப்பிட்டார்கள். பள்ளித் தேர்வில் நமக்கு இப்படி ஒரு வாத்தியார் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இந்தப் பயிலரங்கு அதன் பின் ஆண்டுதோறும் நடக்கலானது. 2005இலிருந்து, எழுதிய வாக்கியத்தோடு பேசிய ஒலியும் கேள்வியாக வந்தது.

ஆசியா ஒன்று சேர்ந்தது

2006இல் ஆசிய நாடுகளுக்கென்று ஏ-ஸ்டார் என்ற கூட்டமைப்பு உருவானது. ஜப்பான், சீனா, தென் கொரியா, தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூர், வியட்நாம், இந்தியா என்று எட்டு நாடுகளின் நிறுவனங்கள். நம் நாட்டின் சார்பில் சி-டாக் என்ற அரசு நிறுவனம் இந்தியோடு கலந்துகொண்டது. 2009 ஜூலையில் இந்த எட்டு நாடுகளையும் இன்டர்நெட் வழியே இணைத்து, எட்டு ஆசிய மொழிகளிலும் ஆங்கிலத்திலும் பேச்சு மொழிபெயர்ப்பைச் செய்து காட்டினார்கள்.

இதன் சூட்சுமம் என்ன தெரியுமா? எல்லாச் சாப்ட்வேரையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டு அடைக்கவில்லை. சீனப் பேச்சைக் கேட்கும் சர்வர் சீனக் குழுவிடம் இருக்கும். ஜப்பானியத்தில் பேசும் சர்வர் ஜப்பானியக் குழுவிடம் இருக்கும். நடுவில் போய்வரும் தகவல் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். தபால் கவரில் பின்கோடு எந்த இடத்தில் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறதல்லவா, அதுபோல. உள்ளே இருக்கும் கடிதம் எந்த மொழியில் இருந்தாலும் கவர் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த வேலையின் அடிப்படையில் 2010 அக்டோபரில், ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் இயங்கும் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் இரண்டு தரவிதிகளை ஏற்றுக்கொண்டது. எஃப்.745, எச்.625 என்பவை அவற்றின் எண்கள். அதே 2010இல் ஜப்பானின் என்.ஐ.சி.டி. என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் வாய்ஸ்ட்ரா என்ற இலவச மொழிபெயர்ப்பு ஆப்பைப் போனுக்கு வெளியிட்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த விஷயம் பொதுமக்கள் சட்டைப் பைக்கு வந்துவிட்டது.

2012 அக்டோபரில் சீனாவின் தியான்ஜின் நகரில் இன்னொரு காட்சி. மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் ரிக் ரஷீத் மேடையில் ஆங்கிலத்தில் பேசினார். கம்ப்யூட்டர் அதைச் சீனத்தில், அவருடைய குரலைப் போன்ற குரலிலேயே, திருப்பிச் சொன்னது. அதற்கு முன்பு நாலைந்து சொற்களுக்கு ஒன்று தவறாகக் கேட்ட கம்ப்யூட்டர், இப்போது ஏழெட்டுச் சொற்களுக்கு ஒன்றுதான் தவறாகக் கேட்டது. இந்த முன்னேற்றத்துக்குக் காரணம், பல அடுக்குகளாக வளர்ந்த நரம்பு வலை முறை. 1987இல் ஜப்பானில் மூன்று ஒலிகளை வைத்துச் சோதித்தார்களே, அதே குடும்பத்தின் வாரிசு!

மருந்துக்கடையில் நான்

இப்போது என் கதை. 2023 குளிர்காலத்தில் வேலை நிமித்தம் மூன்று மாதம் ஒசாகாவில் இருந்தேன். ஒருநாள் கடுமையான காய்ச்சல். அறையில் கூடத் தங்கியவர் ஊருக்குப் போயிருந்தார். நானே தட்டுத் தடுமாறிப் பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்குப் போனேன். எனக்கு இபுபுரூஃபன் மாத்திரை ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை சாப்பிட்டு முகம் வீங்கி, மூச்சு முட்டி, சென்னையில் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருந்திருக்கிறேன். காய்ச்சலுக்கு விற்கும் மாத்திரைகள் பலவற்றில் அதுதான் இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பது எனக்குப் படிக்கத் தெரியாது.

கடையில் இருந்த வயதான அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியவில்லை. போனில் இருந்த ஒரு மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து ஆங்கிலத்தில் பேசினேன். காய்ச்சல் வேகத்தில் ஒரே மூச்சில் நீளமாகச் சொன்னேன்: போனதடவை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் வேறு வழி இருந்தால் தவிர, இபுபுரூஃபன் இல்லாததாகக் கொடுக்க முடியுமா, இல்லையென்றால் வேண்டாம் என்கிற மாதிரி. எனக்கே இப்போது அந்த வாக்கியம் சரியாக நினைவில்லை. "இல்லை"யும் "தவிர"வும் அதில் மூன்று நான்கு இருந்தன.

அந்த அம்மா தலையாட்டிவிட்டு ஒரு பெட்டியை எடுத்தார். அப்போதுதான் திரையைப் பார்த்தேன். ஜப்பானிய வாக்கியத்துக்குக் கீழே, அதை மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பிய ஒரு வரி இருந்தது. "இபுபுரூஃபன் உள்ளது மட்டுமே எனக்கு வேண்டும்" என்று அதற்குப் பொருள்!

கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். இரண்டு வாக்கியங்களாகப் பிரித்து மறுபடி பேசினேன். "எனக்கு இபுபுரூஃபன் அலர்ஜி. எனக்கு அது வேண்டாம்." இப்போது திரும்பி வந்த வரியும் அதையே சொன்னது. அவர் முகம் மாறியது. கையில் இருந்த பெட்டியை உடனே உள்ளே வைத்துவிட்டு, பாராசிட்டமால் உள்ள இன்னொன்றை எடுத்து, பெட்டியில் மருந்தின் பெயரை விரலால் காட்டி, தன் பேச்சையும் போனில் மொழிபெயர்த்துக் காண்பித்தார்.

எனக்குப் பின்னால் ஓர் இளம்பெண் தன் போனிடம் சீனத்தில் பேசிக்கொண்டிருந்தாள். தன் அம்மாவிடம் பேசுவதுபோலச் சாதாரணமாக, தன் சொந்த மொழியில் பேசினாள். நானோ காய்ச்சலில், பாடப்புத்தகத்தில் படித்த மொழியில் வாக்கியத்தைச் சிக்கலாக்கிக்கொண்டு நின்றேன். தமிழில் பேசியிருந்தால் "எனக்கு இது ஆகாதும்மா" என்று நாலே சொல்லில் முடிந்திருக்கும். ஆனால் ஆப்பில் தமிழ் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அன்றுதான் அப்பாவின் பதிலில் விட்டுப்போன மீதிப் பாதி எனக்குக் கிடைத்தது. அந்தப் பெண்ணின் மொழி தானாகப் போனுக்குள் வந்துவிடவில்லை. பீஜிங்கிலும் கியோட்டோவிலும் யாரோ சிலர் உட்கார்ந்து, "எனக்கு வயிறு வலிக்கிறது" என்ற சாதாரண வாக்கியத்தை ஆயிரக்கணக்கான மற்ற வாக்கியங்களோடு எழுதி, பேசி, பதிவு செய்து, பொதுவில் வைத்தார்கள். கணக்கு முறையை எந்த நாட்டுக்காரரும் கண்டுபிடிக்கலாம். ஒரு மொழியின் பேச்சை அந்த மொழியைப் பேசுகிறவர்கள்தான் கொடுக்க முடியும்.

நீங்கள் செய்து பார்க்கலாம்

தமிழுக்கும் இந்த வசதி வந்துவிட்டது. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல் தட்டச்சில் சேர்த்த 30 மொழிகளில் தமிழும் ஒன்று. விண்டோஸ் 11இலும் தமிழில் பேசி எழுதலாம். செய்முறை இதோ:

1. செட்டிங்ஸ் பகுதியில் "டைம் அண்ட் லேங்க்வேஜ்" என்பதைத் திறந்து, "லேங்க்வேஜ் அண்ட் ரீஜன்" பக்கத்துக்குச் செல்லுங்கள்.

2. "ஆட் எ லேங்க்வேஜ்" பட்டனை அழுத்தித் தமிழ் (இந்தியா) மொழியைச் சேருங்கள். ஆசை இருந்தால் ஜப்பானியத்தையும் சேர்த்து விளையாடிப் பார்க்கலாம்.

3. நோட்பேட் புரோகிராமைத் திறந்து, விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தமிழுக்கு மாறுங்கள்.

4. விண்டோஸ் கீயுடன் எச் எழுத்தைத் தட்டிப் பேசத் துவங்குங்கள். இன்டர்நெட் இணைப்பு இருக்க வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள். உங்கள் பேச்சு இன்டர்நெட் வழியே நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்புகிறது. எனவே பாஸ்வேர்டு, வங்கி எண் போன்றவற்றை இப்படிச் சொல்லி எழுத வேண்டாம். இரண்டாவது, மொழிபெயர்ப்பு ஆப் பயன்படுத்தும்போது ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி மட்டும் சொல்லுங்கள். மூன்றாவது, வாய்ஸ்ட்ரா போன்ற ஆப்களில் உங்கள் மொழிக்கே திருப்பிக் காட்டும் வரி இருக்கும். அதைப் படிக்காமல் போனை எதிரில் இருப்பவரிடம் நீட்டாதீர்கள். மருந்து, பணம், முகவரி என்றால் கட்டாயம் படியுங்கள்.

வடத்தைப் பிடிக்க நாமும் வரலாம்

மொசில்லா அமைப்பு 2017இல் துவங்கிய காமன் வாய்ஸ் என்ற திட்டம் இருக்கிறது. அதன் இணையதளத்தில் திரையில் வரும் வாக்கியத்தை மைக்கில் படித்துப் பதிவு செய்யலாம். மற்றவர் படித்ததைக் கேட்டு, சரியா தவறா என்று சொல்லலாம். இப்படிச் சேரும் குரல்களை உலகில் எவரும் இலவசமாக எடுத்து ஆராய்ச்சி செய்யலாம். சீனமும் ஜப்பானியமும் அதில் இருக்கின்றன, தமிழும் இருக்கிறது. கொடுத்த குரல் பொதுச்சொத்தாகிவிடும் என்பதைப் புரிந்துகொண்டு, விருப்பம் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவை உட்கார வைத்து இருபது வாக்கியம் படிக்க வைத்தேன். முதலில் கூச்சப்பட்டார். செய்தி வாசிப்பவர்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "அப்படி வேண்டாம்ப்பா, நீங்க எப்பவும் பேசுற மாதிரியே படிங்க, அதுதான் அதுக்கு வேணும்" என்றேன். ஐந்தாவது வாக்கியத்தில் சகஜமாகிவிட்டார். முடித்துவிட்டு, "என் குரலை வெச்சு அது என்னடா செய்யும்?" என்று கேட்டார்.

"வெளியூர்ல யாராச்சும் காய்ச்சலோட மருந்து கேட்டா, அவங்க பேசுறதைச் சரியாக் கேட்கும்ப்பா" என்றேன்.

"அப்ப இன்னும் ஒரு இருபது போடு" என்று மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.